இடமிருந்து மூன்றாவது ஆள்

அந்தப் படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் அவர் இல்லை என்று எனக்குத் தோன்றியது ஒரு வியாழக்கிழமை காலையில். காபிகூட இன்னும் குடித்திருக்கவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் கோப்பை வென்ற அணியின் பழைய படத்தை வாட்ஸாப்பில் அனுப்பி, குரல் பதிவிலும் சொல்லியிருந்தார். "சார், நிக்கிற வரிசையில மூணாவது நம்ம அண்ணன். ஞாயித்துக்கிழமை விழாவுக்கு இதைப் பெரிசு பண்ணி மேடையில வெக்கிறோம். நீங்க எழுதறதை சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள குடுத்துடுங்க. போர்டு எழுதறவன் பிரஷ்ஷைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறான்."

போர்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மைசூரில் பன்னிமண்டபத்துக்குப் போகும் வழியில் நாங்கள் மாலையில் கூடும் மைதானம் ஒன்று இருக்கிறது. அதன் மேற்குச் சுவரில், செயலாளர் 'அண்ணன்' என்று சொன்ன பழைய ஆட்டக்காரர் பெயரில் ஒரு பலகை வைப்பதென்று சங்கம் முடிவு செய்திருந்தது. பெயர், அதற்குக் கீழே ஒரே வரி: தலையில் கட்டோடு இறுதி ஆட்டம் ஆடி வெற்றி கோலை அடித்தவர். அந்த வரி உண்மைதான் என்று நான் கையெழுத்திட வேண்டும். விழா மலருக்கு அவருடைய வாழ்க்கையை நான்கு பக்கத்தில் எழுதியும் தர வேண்டும்.

நான் பந்தை உதைத்தவன் இல்லை. மின்சார அலுவலகத்தில் பழைய கோப்புகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். மைசூரில் நடந்த கால்பந்து ஆட்டங்களைத் தேதிவாரியாக நோட்டுகளில் எழுதி வைப்பது நெடுநாள் பழக்கம். ஒரு தேதியைச் சொன்னால் அன்றைக்கு என்ன கிழமை என்று மனக்கணக்கில் சொல்லிவிடுவேன். "இவரு கையெழுத்து இருந்தா எவனும் வாயைத் தொறக்கமாட்டான்" என்று செயலாளர் எல்லோரிடமும் சொல்வார். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

படத்தை விரல்களால் விரித்து மூன்றாவது ஆளின் நெற்றியைப் பார்த்தேன். கட்டு இல்லை. சரி, படத்துக்காக அவிழ்த்திருக்கலாம். ஆனால் இடது புருவத்தில் காயமும் இல்லை. தையல் இல்லை, வீக்கம் இல்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையும், குறையில்லாத இரண்டு புருவங்களும்தான் இருந்தன.

அவருடைய புருவத்தை ஊரே அறியும். அரையிறுதி ஆட்டத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரரின் முழங்கை பட்டு இடது புருவம் பிளந்தது. பெரியாஸ்பத்திரியில் தைத்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் கட்டோடு இறுதி ஆட்டத்தில் இறங்கி, மழை ஊறிய தரையில் மூன்று பேரைத் தாண்டி இடதுகாலால் அடித்தார். இன்றும் அந்தப் புருவம் நடுவில் இரண்டாகப் பிரிந்துதான் இருக்கிறது. அப்படியானால் படத்தில் நிற்பவர் யார்? படத்தில் நிற்பவர்தான் ஆடியவர் என்றால், கட்டோடு கோல் அடித்தது யார்?

அவர் வாழ்க்கையைப் பற்றி அதுவரை நான் சேர்த்து வைத்திருந்தது இதுதான். கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அம்மாவும் அப்பாவும் கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர்கள். எந்தக் கட்டடம் எழும்புகிறதோ அதன் பக்கத்துத் தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். ஒரு கல்லூரி விடுதி கட்டிய இரண்டு வருடத்தில், பக்கத்து மைதானத்தில் மாணவர்கள் ஆடுவதைப் பார்த்தே ஆட்டம் படித்துக்கொண்டார். வெறுங்கால். இடதுகால். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. கன்னடத்தில் 'எடகாலு' என்றால் தெரியும். ஒரு சிறிய சங்கத்தின் அணியில் இடது ஓரத்தில் ஆடினார். தசரா நாட்களில் நடந்த கோப்பைப் போட்டியில் அந்த அணி யாரும் நினைக்காதபடி இறுதி ஆட்டத்துக்கு வந்து வென்றது. அந்த ஒரு கோலால்தான் மாநில அணிக்கான தேர்வுக்கு அழைத்தார்கள். பிறகு தொழிற்சாலை அணி, மாநில அணி, வங்காளத்து கிளப் ஒன்றில் ஒரு பருவம். வங்காளத்தில் இருந்து ஏன் திரும்பினார் என்பதற்கு அவரே மூன்று காரணங்களை மூன்று சமயங்களில் சொல்லியிருக்கிறார்: சாப்பாடு, அம்மாவின் உடம்பு, முழங்கால். மூன்றையும் தனித்தனியே குறித்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் அந்த இறுதி ஆட்டத்தில் தொங்குகிறது. அது பொய் என்றால் பலகை இல்லை. பலகை மட்டுமல்ல, மனிதரே இல்லை.

இப்படிச் சொல்வது மிகை என்று யாராவது நினைக்கலாம். நான் ஒரு தடவை ஒரு மனிதரை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

போன வருடம், மைதானத்துச் சுவரோரம் நாங்கள் உட்காரும் சிமெண்டு பெஞ்சில், லஷ்கர் மொஹல்லாவில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தக் கோப்பை டீம்ல நானும் இருந்தேன். போட்டோவுலகூட இருக்கேன்." தினமும் வருபவர், அதிகம் பேசாதவர். எனக்கு உடனே சந்தேகம். மறுநாள் பழைய மலர் ஒன்றை எடுத்துப் போனேன். அதில் அந்தப் படத்தின் அடியில் எழுதியிருந்த பதினோரு பெயர்களையும் அச்சிட்டிருந்தார்கள். படம் மட்டும் மை அப்பிக் கறுப்பாக இருந்தது. எல்லோர் முன்னாலும் பெயர்களைப் படித்தேன். "உங்க பேரு எங்கயும் இல்லையே" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த எடகாலைப் பார்த்தார். எடகாலு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ, "போட்டோவுக்குக் கேமரா புடிச்சவரு இவருதான் போல" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மிக்ஸிக் கடைக்காரர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் மைதானத்துக்கு வரவில்லை. ஒரு பொய்யைத் திருத்தியதாக நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஆகவே இந்தத் தடவை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையே வேலையைத் தொடங்கினேன்.

படத்தை ஒட்டியிருந்த அட்டையின் அடியில், பெயர்களுக்குக் கீழே, வெள்ளை மையில் தேதி எழுதியிருந்தது. கணக்குப் போட்டேன். திங்கட்கிழமை. அந்தப் போட்டியின் இறுதி ஆட்டங்கள் எப்போதும் ஞாயிறு மாலையில்தான் நடக்கும். ஆகவே அந்த வருடம் மழையால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப் போயிருக்க வேண்டும். மழை பெய்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. உறுதி செய்துகொள்ள நூலகத்துக்குப் போய் அந்த மாதத்துக் கன்னடப் பத்திரிகைக் கட்டை எடுத்துத் தரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைத் தாள் இருந்தது. செவ்வாய்க்கிழமைத் தாளில் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை; தசராச் செய்திகளுக்கு நடுவே இடம் கிடைத்திருக்காது என்று எண்ணிக்கொண்டேன். திங்கட்கிழமைத் தாளில் விளையாட்டுப் பக்கத்தின் கீழ்ப்பாதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். கிழித்தது இல்லை, வெட்டியது. பிளேடு வைத்து, விளிம்பு பிசிறில்லாமல்.

அந்தச் சதுர ஓட்டையின் மூலையில் நூலகத்தின் ஊதா முத்திரை பாதியாக நின்றது. ஒரு செய்தி இல்லாமல் போவதால் யாருக்கு லாபம்? என் மனதில் ஒரே முகம்தான் வந்தது. அதில் ஒரு புருவம் இரண்டாகப் பிரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு பஸ் ஏறினேன். எடகாலு வேலை பார்த்த தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த ஒருவர் அங்கே மகனோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டியும் நினைவு கலங்காதவர். வாசலில் நாற்காலி போட்டு நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபைனல் சமயத்துத் திங்கட்கிழமை. அன்னிக்கு அவரு வேலைக்கு வந்தாரா?" என்று கேட்டேன்.

"எடகாலா? வராம? சேந்து ஒரு வாரம்கூட ஆகல. டெம்பரரி. ஒரு நாள் லீவு போட்டாலும் வீட்டுக்குப் போன்னு மேனேஜர் சொல்லியிருந்தாரு. ஜெனரல் ஷிஃப்டு. தலையில கட்டோட வந்தான். கேட்டுல ஒரே விசில், கூச்சல். நான்தான் போதும் உள்ள போங்கடான்னு வெரட்டினேன்."

"காலையில வந்து சாயங்காலம்தான் போனாரா? நடுவுல வெளியில?"

"அட, விடுங்க சார். டெம்பரரி ஆளு நடுவுல வெளியில போனா அப்படியே போக வேண்டியதுதான்."

நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். விசிலையும் கூச்சலையும்கூட எழுதினேன். எதற்கு விசில் என்று யோசிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் வழக்கு முழுமையாக இருந்தது. ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப் போனது. அன்று அவர் தொழிற்சாலைக்குள் இருந்தார். அவர் பெயரில் வேறு யாரோ ஆடினார்கள், கோலும் அடித்தார்கள். படத்தில் நிற்பவர் அந்த ஆள். செய்தியை வெட்டியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் அடுத்ததோடு பொருந்தியது. அவ்வளவு சரியாகப் பொருந்துவதில் எனக்கே ஒரு திருப்தி இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். தொழிற்சாலையில் இருந்தபோது கட்டிய இரண்டு அறை வீடு. அவர் மனைவி கதவைத் திறந்தார். ஹனூர்ப் பக்கத்துக்காரர், அவருக்கு அத்தை வழியில் தூரத்துச் சொந்தம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கையிலிருந்த நோட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏனுங்க சார், சென்சஸா?"

"இல்லைங்கக்கா. விழா மலருக்கு எழுதறவன்."

"அதுக்கு எதுக்கு இத்தன தடி நோட்டு? கோர்ட்டுக்காரங்க மாதிரி." சொல்லிக்கொண்டே வழி விட்டார்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்தப் படம். அசல் அட்டையோடு, கண்ணாடிச் சட்டத்தில். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவரே விரலை வைத்துக் காட்டினார். "இதப் பாத்துத்தானுங்க எங்கப்பா எனக்குக் கல்யாணத்துக்கே சரின்னு சொன்னாரு. மூணாவதா நிக்கறாருல்ல, அவருதான் மாப்பிளைன்னு தரகர் காட்டினாரு. எங்க மாமியாகிட்ட வேற போட்டோ ஏது? கொட்டாயில இருந்தவங்க. இதத்தான் குடுத்தனுப்பிச்சாங்க. பேரும் எழுதியிருக்குதுல்ல."

எடகாலு உள்ளேயிருந்து பனியனோடு வந்தார். "என்ன சார், காலங்காத்தால?"

"ஒரு சின்ன சந்தேகம் அண்ணா. இந்தப் படத்துல நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் முகம் இறுகியதை நான் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "காபி போடு போ."

"சார் கேக்கறதச் சொல்லுங்களேன்" என்றார் மனைவி, நகராமல்.

"போடுன்னு சொன்னேன்ல?"

அவர் போனார். ஆனால் அடுக்களையில் பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. எடகாலு குரலைத் தாழ்த்தினார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஃபைனல் ஆடினது நீங்கதானான்னு தெரியணும். திங்கட்கிழமை நீங்க ஷிஃப்டுல இருந்திருக்கீங்க. படத்துல இருக்கிறவருக்குக் காயம் இல்ல."

"ஆடினது நான்தான்."

"அப்ப இது யாரு?"

அவர் படத்தைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார், பிறகு என் நோட்டைப் பார்த்தார். "போர்டு வேணாம்னு செக்ரட்டரிகிட்ட சொல்லிடுங்க."

"அண்ணா, ஒரு பேரச் சொன்னாப் போதும்."

"வேணாம்னு சொல்லிட்டேன்ல? விழாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். போன வருஷம் ஒருத்தர எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சீங்க. இப்ப என் வீட்டுக்குள்ள வந்துட்டீங்களா? எழுந்திருங்க சார்."

காபி வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். என் சந்தேகத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நிரபராதி எவனாவது தனக்கு வைக்கும் பலகையை வேண்டாம் என்பானா? தெருமுனையில் நின்று செயலாளரை அழைக்கக் கைபேசியை எடுத்தேன். பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் வேகமான செருப்புச் சத்தம். அவர் மனைவி. கையில் ஒரு பால் பாக்கெட் பை. பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

"சார், நில்லுங்க. மூணாவதா நிக்கறது யாருன்னுதானே கேட்டீங்க? எங்க ஊட்டுக்காரரு இல்லீங்க அது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்தன்னிக்கே தெரியும். மணவறையில உக்காந்து பாக்கறேன், பக்கத்துல ஒரு ஆளு, புருவம் பொளந்து கெடக்குது. போட்டோவுல பாத்த மூஞ்சியே இல்ல. தலய நிமுத்தித் தேடறேன். போட்டோவுல பாத்த மாப்பிள அந்தப் பக்கம் பந்தியில சாம்பார் ஊத்திக்கிட்டு நிக்கறாரு!"

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவரே சிரித்தார்.

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"தாலி கட்டியாச்சு. யாருகிட்டப் போய் என்னத்தச் சொல்ல? மொதல் வருசம் நெஞ்செல்லாம் கோவம். என்ன ஏமாத்திப்போட்டாங்கன்னு. அப்புறம் பாத்தா, அவருக்குத்தான் பயம். வீட்டுக்கு எவன் வந்தாலும் போட்டோகிட்டப் போக வுடமாட்டாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா என்ன நெனப்பேனோன்னு. சரி, பயந்துக்கிட்டே இருக்கட்டும்னு வுட்டுட்டேன். தெனமும் நாந்தான் அந்தக் கண்ணாடியத் தொடைக்கறேன்."

"அந்த ஆளு யாரு?"

"மிக்ஸி ரிப்பேரு பண்றாருல்ல, லஷ்கர்ல? அவருதான். கோல் அடிச்சது யாருன்னு எனக்குத் தெரியாது சார், நான் பாக்கல. அவருகிட்டயே போயிக் கேளுங்க. ஆனா இத ஊட்டுல நானே சொல்லிக்கறேன். நீங்க சொல்லிப்போடாதீங்க."

கைபேசியைச் சட்டைப் பையில் போட்டேன். லஷ்கர் மொஹல்லாவுக்கு ஆட்டோவில் போகும் வழி முழுக்க என் வழக்கைக் காப்பாற்றவே மனம் முயன்றது. கோலை அடித்தவர் மிக்ஸிக் கடைக்காரர் என்றே வைத்துக்கொண்டால்? அப்போதும் என் கணக்கு சரிதான். ஆனால் அவர் போன வருடம் 'நான் கோல் அடித்தேன்' என்று சொல்லவில்லையே. 'டீம்ல இருந்தேன், போட்டோவுல இருக்கேன்' என்றுதான் சொன்னார். அந்த இரண்டையும் நான் பொய் என்று நிரூபித்தேன். அதில் ஒன்று உண்மை என்று இப்போது தெரிந்துவிட்டது.

அவர் கடையில் ஒரு ஜாரைக் கவிழ்த்து வைத்து அடியில் இருக்கும் புஷ்ஷைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தவில்லை.

"இன்னும் என்ன லிஸ்டு கொண்டாந்திருக்கீங்க சார்? மிச்சம் இருக்கிறதையும் படிச்சிடுங்க. கடையில கஸ்டமர்கூட இருக்காங்க, நல்லா சிரிப்பாங்க."

ஒரு பெண்மணி மிக்ஸிக்காகக் காத்திருந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன். "போன வருஷம் நான் சொன்னது தப்பு. படத்துல மூணாவது நீங்கதான்."

சுத்தியல் நின்றது. "யாரு சொன்னா? அவனா?"

"அவரு இல்ல. அந்தக்கா."

அவர் ஜாரைக் கீழே வைத்தார். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?" அவர் முகத்தில் உண்மையான திகில். "ஐயோ. நாங்க ரெண்டு பேரும் இத்தன வருஷமா அந்தம்மா முன்னாடி ஒண்ணா நின்னது கிடையாது சார். நான் வீட்டுக்குப் போனாக்கூட வாசலோட திரும்பிடுவேன்."

"பந்தியில நீங்க சாம்பார் ஊத்தினப்பவே தெரியுமாம்."

அந்தப் பெண்மணி எதுவும் புரியாமலே சிரித்தார். கடைக்காரர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்.

ஆட்டம் நடந்தது ஞாயிற்றுக்கிழமைதான். எதுவும் தள்ளிப்போகவில்லை. மழையோடு ஆடி முடித்துக் கோப்பை வாங்கும்போது இருட்டிவிட்டது. படம் எடுக்க வெளிச்சம் இல்லை. சங்கத் தலைவர் மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லோரையும் வரச் சொன்னார். எடகாலு தொழிற்சாலையை விட்டு வரமுடியாது. பத்துப் பேர் நின்றால் அவமானம், பதினோரு பேர் வேண்டும் என்று தலைவர் பிடிவாதம். உபரி ஆட்டக்காரராக வெளியில் உட்கார்ந்திருந்த இவரிடம் எடகாலின் ஜெர்சியைக் கொடுத்து நிற்கச் சொன்னார்கள். ஸ்டுடியோக்காரர் அணிப் பட்டியலைப் பார்த்து அட்டையில் பெயர்களை எழுதினார், படம் எடுத்த நாளின் தேதியையும் போட்டார்.

"ஜெர்சியப் பாத்தீங்களா சார் நீங்க? அந்தச் சேத்துல ஆடின டீம். படத்துல ஒரு பொட்டு சேறு இருக்கா? எடகாலோட அம்மாதான் எல்லாத்தையும் விடியறதுக்குள்ள தொவச்சுக் குடுத்தாங்க. எங்கிட்ட வந்தப்பவும் ஈரம். ஒரு வாரம் சளி எனக்கு."

நான் படத்தைத் திறந்து பார்த்தேன். பிழிந்த சுருக்கம்கூடத் தெரிந்தது. நடுவில் கோப்பை. ஆட்டத்துக்கு முன்னால் கோப்பை எங்கிருந்து வரும், ஆட்டம் முடிந்த உடனே என்றால் சேறு எங்கே போகும் என்று கேட்காமல் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தொழிற்சாலை வாசலில் திங்கட்கிழமை காலை விசிலடித்தது முந்தின நாள் கோல் அடித்தவனுக்கு. அதையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

"போன வருஷமே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? நான்தான் மூணாவதுன்னு பெஞ்சுல சொன்னா, சாயங்காலத்துக்குள்ள அவன் வீட்டுக்குப் போயிடும். ஒரு பொண்ணு என் மூஞ்சியப் பாத்து அவனுக்குக் கழுத்த நீட்டியிருக்கு. அவனும் வாயைத் திறக்கல. சரி, சிரிச்சுட்டுப் போகட்டும்னு வந்துட்டேன்." ஜாரை மறுபடி கையில் எடுத்தார். "அவன் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அதுதான்."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்ததற்கும் கோல் அடித்தது எடகாலு என்பதற்கும் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்த நிமிடத்தில்கூட அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அவர் என்னைச் சற்று நேரம் அளந்தார். பிறகு மேஜை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மஞ்சளாகிப் போன பத்திரிகைத் துண்டு. திங்கட்கிழமைத் தாள். நேற்றைய இறுதி ஆட்டம் என்று தொடங்கியது. தலையில் கட்டுடன் ஆடிய இடது ஓர ஆட்டக்காரர் இரண்டாம் பாதியில் அடித்த கோல் பற்றி ஒரு பத்தி. கடைசி வரியில் அணிப் பட்டியல். பட்டியலின் முடிவில், உபரி ஆட்டக்காரர் என்று இவர் பெயர்.

"என் பேரு அச்சுல வந்தது இது ஒண்ணுதான்" என்றார்.

துண்டின் விளிம்பு நான்கு பக்கமும் பிசிறில்லாமல் நேராக இருந்தது. ஒரு மூலையில் ஊதா நிறத்தில் பாதி முட்டை வடிவ முத்திரை. மீதிப் பாதியை நான் வியாழக்கிழமை பார்த்திருந்தேன்.

"பேப்பர் அன்னிக்கே வாங்கினது" என்றார், நான் கேட்காமலே.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றேன்.

சனிக்கிழமை மதியம் செயலாளரிடம் கையெழுத்திட்ட தாளைக் கொடுத்தேன். பலகையின் வரி அப்படியே இருக்கலாம். மேடைப் படத்தின் அடியில் மட்டும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்றேன். இடமிருந்து மூன்றாவது: உபரி ஆட்டக்காரர், அன்று பணிக்குச் சென்றிருந்த இடது ஓர ஆட்டக்காரருக்காக நின்றவர். கூடவே மிக்ஸிக் கடைக்காரரின் பெயர். செயலாளர் படித்துவிட்டு, "அப்ப ஹீரோவே படத்துல இல்லையா? ஜனங்க என்ன நெனப்பாங்க?" என்றார். "நெனச்சா எங்கிட்ட அனுப்புங்க" என்றேன்.

விழாவுக்கு எடகாலு வருவாரா என்பதே எனக்கு நிச்சயமில்லை. வந்தார். மனைவிதான் முன்னால் நடந்தார். என்னைத் தாண்டும்போது எடகாலு நின்றார். "உங்களால நேத்திலிருந்து இவ என்னைப் பாத்துப் பாத்து சிரிக்கிறா" என்றார். அது திட்டா என்று எனக்கு விளங்கவில்லை. மேடையில் அவரைப் பேசச் சொன்னபோது மைக்கைப் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு மாறினார். "போன வருஷம் பெஞ்சுல ஒரு நாள் நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். தப்பு அது. மூணாவதா நிக்கறது இவன். மேல வாடா." கடைசி வரிசையிலிருந்து மிக்ஸிக் கடைக்காரர் மேடைக்குப் போவதற்கு நேரமெடுத்தது. அவர் மேலே வந்ததும் எடகாலின் மனைவி படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீங்களும் வயசாகிப் போட்டீங்களே. நல்லவேளை, பொளந்த புருவமே தேவல."

செவ்வாய்க்கிழமை மாலை பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மிக்ஸிக் கடைக்காரர் வந்து அதில் உட்கார்ந்தார். சுவரில் புதுப் பலகையின் எனாமல் வாசனை இன்னும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இன்னிக்கு என்ன தேதி சார்?"

சொன்னேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சரிபார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.